வேப்பஞ்சேலை அத்தியாயம்

"அடுத்த வரி இன்னான்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா எழுத மாட்டேன்."

சுமலதா இதைப் போனைப் பார்த்துச் சொன்னபோது கம்பெனி வேன் புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அவள் கதை எழுதுகிற ஆப்காரர்கள் தங்கள் எழுத்தாளர்களுக்கென்று வீடியோ கூட்டம் வைத்திருந்தார்கள். நாவலைத் திட்டம் போட்டு எழுதுவதா, போகிற போக்கில் எழுதுவதா என்பது பேச்சு. திட்டத்தின் பக்கம் பேசியவள் பழவேற்காட்டு ஹாஜிரா. கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கே வருவேன் என்றாள். யார் சாவது, யார் பிழைப்பது, யாருக்கு யார் என்பதெல்லாம் முடிவான பிறகே மேற்கொண்டு ஒரு வரி எழுதுவாளாம். சுமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை கஷ்டப்பட்டுப் பேசிக்கொண்டிருந்த மேடைத் தமிழும் கழன்றுபோனது.

"நான் சட்டிய அடுப்புல வச்சிட்டுத்தான் இன்னா கொழம்புன்னே யோசிப்பேன் ஹாஜிரா" என்றாள்.

திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள் பறந்தன. வேனில் இருந்த பெண்களும் தட்டினார்கள். பின் ஸீட்டில் ஒருத்தி விசிலே அடித்தாள்.

வாசகர்களுக்கு அவள் 'சாரல் சுமி'. வேன்காரிகளுக்கு சுமலதாக்கா. பெரியபாளையத்தில் வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் விளக்கு செய்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அவளைக் கேட்டு நடந்தது என்று அவள் வாழ்க்கையில் எதுவுமில்லை. பத்தொன்பது வயதில் சரவணகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், கேட்கவில்லை. பெற்ற மகளை அரக்கோணத்தில் கொடுப்பதென்று கணவனும் மச்சினரும் வாசலில் நின்றே பேசி முடித்துவிட்டு உள்ளே வந்து காபி கேட்டார்கள். கம்பெனியில் அன்றைக்கு எத்தனை பெட்டி என்பது அவள் போவதற்கு முன்பே போர்டில் எழுதியிருக்கும். கொரோனா காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தபோது போனில் கதை படிக்க ஆரம்பித்தாள். பிறகு தானே எழுத ஆரம்பித்தாள். அங்கேதான் முதல்முறையாக, அடுத்து என்ன என்று அவளுக்கு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த ருசி அவளைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவுக்கும் அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் கூட்டத்தில் அவள் சொல்லாத சமாச்சாரம் ஒன்று உண்டு. வெறும் காற்றிலிருந்து அவளுக்கு எதுவும் வராது. கண்ணெதிரே ஒரு ஆள் வேண்டும். புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஒருத்தி வேனில் அழுதாள் என்றால் அந்த வாரமே கதையில் அது வந்துவிடும், அழுகை முதல்கொண்டு. ஜன்னலோர ஸீட்டுக்காக ஒரு பெண் அவளோடு மல்லுக்கு நின்றாள். அடுத்த அத்தியாயத்தில், அதே போல மூக்கில் மருவுள்ள ஒருத்தியை வெறிநாய் கடித்தது. வேனே விழுந்து விழுந்து சிரித்தது. மருக்காரியும் சிரித்துத் தொலைய வேண்டியிருந்தது. அதற்குப்பின் சுமலதாவுக்கு ஜன்னல் ஸீட்டு நிரந்தரமானது. வீட்டில் அதிரசம் சுட்டால் முதல் அதிரசம் அவளுக்கு வந்தது.

அவளுக்குப் பக்கத்து ஸீட்டு ஜோதிலட்சுமிக்கு. பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஏறுவாள். இரும்பு ஆலையில் உலை வெடித்ததில் புருஷனைப் பறிகொடுத்தவள். மாமியார் குப்பம்மாள் வீட்டிலேயே தன்ஷிகா என்கிற ஐந்து வயது மகளோடு இருந்தாள். மாமியார் வீட்டுக்கு நெல் விளைகிற நிலம் உண்டு. செத்தவன் பங்கு குழந்தைக்குத்தான் சேரும் என்பது குப்பம்மாளின் கணக்கு. அதனால் மருமகள் போனாலும் போகலாம், குழந்தை அந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது. குப்பம்மாள் இதை மனசுக்குள் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை.

"நீ எவன்கூட வேணா போ. நான் தடுக்க மாட்டேன். என் புள்ளையோட வாரிச தூக்கிக்கினு போவலாம்னு நெனச்சே, அப்புறம் நடக்கறதே வேற" என்று சோறு போடும்போதே சொல்லியிருந்தாள்.

ஜோதிக்கு ஒருவன் இருந்தான். வேறு யாருமில்லை, இந்த வேனை ஓட்டுகிற தானியேல்தான். சிரித்தால் கண் காணாமல் போய்விடுகிற, தொப்பை போட்ட, சாதுவான ஆள். கண்ணாடியில் அவன் பார்வை எந்த ஸீட்டுக்குப் போகிறது என்பதை வேனில் மற்றவர்கள் கவனிக்கவில்லை. சுமலதா கவனித்தாள். ஒருநாள் நைச்சியமாகப் பேசி ஜோதியின் வாயைக் கிளறினாள். பாவம், பேச ஆளில்லாமல் கிடந்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எங்க அத்தைக்கு தெரிஞ்சா கொழந்தைய என் கண்ணுல காட்ட மாட்டாங்க."

"சேச்சே, நான் சொல்லுவனா?" என்றாள் சுமலதா.

சொல்லவில்லைதான். எழுதினாள்.

'வேலி தாண்டிய வெயில்' என்ற அந்த நாவல் அப்படித்தான் பிறந்தது. ஜோதி அதில் மிருதுளா என்கிற இளம் விதவை. தானியேலின் தொப்பையைக் கழித்து, உயரத்தைக் கூட்டி, ஆதிரன் என்று பெயர் வைத்தாள். குழந்தை குழந்தையாகவே இருந்தது. மாமியார் மாமியாராகவே இருந்தாள். இதற்குமுன் சுமலதா எழுதிய எதற்கும் இத்தனை பேர் வந்ததில்லை. 'அடுத்த யூடி எப்போ சிஸ்?' 'ஆதிரனுக்கு ஏதாவது ஆச்சு, நாங்க ஆப்பையே தூக்கிடுவோம்' என்று கீழே வரிசை கட்டி நின்றார்கள். யூடி என்றால் அவர்கள் பாஷையில் புது அத்தியாயம். கம்பெனி கேன்டீனில் யாரோ அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஜோதிக்கு முதலில் இது பெருமையாக இருந்தது. தன்னைப் போல ஒருத்திக்காக ஊர் உலகம் உருகுகிறதே என்று நினைத்தாள். பெருமையில் ஒரு மடத்தனமும் பண்ணியிருந்தாள். இந்த நாவல் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, சாரல் சுமி என் பக்கத்து ஸீட்டு தெரியுமா என்று நாத்தனார் திலகவதியிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். திலகவதி பொன்னேரியில் வாக்கப்பட்டவள். பாதி மாதம் தாய்வீட்டில்தான் இருப்பாள். அன்றுமுதல் அவள் சாரல் சுமியின் ரசிகை. மத்தியானத்தில் அம்மா முறத்தில் அரிசி புடைக்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்து கதையை வாசித்துக் காட்டுவாள்.

ஒரு சாயங்காலம் திலகவதி கேட்டாள்: "மிருதுளாவுக்கும் உன்ன மாதிரியே தாடையில தழும்பு கீதே அண்ணி?"

குப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் தாடையைப் பார்த்தாள்.

மறுநாள் வேனில் ஏறியதும் ஜோதி சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் தானியேல் இருந்ததால் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பிரிச்சுடுங்கக்கா அவங்கள. அந்த ஆள சாவடிச்சுடுங்க. லாரி ஏத்திடுங்க. செத்துட்டான்னா எங்க அத்தைக்கு சந்தேகம் போய்டும். கதைதான்னு உட்டுடுவாங்க."

"அது என் கையில இல்ல ஜோதி. நான் பிளான் பண்ணி எழுதறவ இல்ல. அவங்களா நடந்து போறாங்க, நான் பின்னாடியே போறேன், அவ்ளோதான்."

"அவங்கன்னா யாருக்கா? நான்தான அது? நான் எங்கயும் போவலியே. தோ, உங்க பக்கத்துல குந்திக்கினு கீறேன்."

பதில் இல்லாதபோது எரிச்சல் வருவது சுமலதாவின் சுபாவம். ஆனால் ஜோதி அழுவதை மற்றவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சரி, அழாத. பிரிச்சுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றிலிருந்து ஜோதி கதையைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். தானியேல் சாவதைக் கதையில்கூடப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

சுமலதாவும் பிரிக்கத்தான் நினைத்தாள், அதில் பொய்யில்லை. எப்படிப் பிரிப்பது என்று புரியாமல் ஹாஜிராவுக்குப் போன் போட்டாள். கூட்டத்தில் கேலி செய்ததை ஹாஜிரா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நெசமான பொண்ணா அது? அப்ப இன்னும் ஒரு யூடி போடாதே சுமி. மொதல்ல உக்காந்து அந்தப் பொண்ணு கதை எங்க போயி முடியும்னு யோசி. முடிவு தெரிஞ்சாத்தான் வழியில யார இடிக்கிறோம், யார விடுறோம்னு நமக்கே தெரியும். நீ இடிச்சப்புறம்தான் அங்க ஆள் இருந்தாங்கன்னே பாக்கறே."

"அதான் உன் கதைய ஒருத்தரும் படிக்கறதில்ல. எல்லாம் மொதல்லயே செத்துப்போயி கெடக்குது" என்று சொல்லிவிட்டுச் சுமலதா போனை வைத்தாள். புத்தி சொன்னவளைக் கடித்துக் குதறினால்தான் அவளுக்குத் தெம்பு வரும்.

ஆடி பிறந்தது. வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வேனில் திரும்பும்போது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். நியாயமாகவே லாரியில்தான் தொடங்கினாள். ஆதிரன் நெடுஞ்சாலையில் வருகிறான். எதிரே லாரி வருகிறது. அதற்குமேல் விரல் நகரவில்லை. ஆப்பைத் தூக்கிவிடுவோம் என்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதைவிட, இந்தச் சாவு அவளுக்கே சப்பென்று இருந்தது. அழித்தாள். மறுபடி தொடங்கி மறுபடி அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பம்மாள் வீட்டார் பெரியபாளையம் போவது வேனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தன்ஷிகா காய்ச்சலில் கிடந்தபோது, பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வருகிறேன் என்று குப்பம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். தலைமுழுகி, வேப்பிலைக் கொத்துகளை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கோயிலை வலம்வர வேண்டும். சுமலதா பிறந்து வளர்ந்ததே அந்த ஊரில். ஆடி வந்தால் அவள் தெரு முழுக்க வேப்பிலை வாசம்தான். மிருதுளாவை அந்தக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். அவளாக நின்று யோசித்தாள். இந்தக் கிழவியின் கண் குழந்தையைவிட்டு எப்போது அகலும்? வீட்டில் அகலாது. வயலில் அகலாது. வேப்பஞ்சேலை கட்டி வலம் தொடங்கிவிட்டால் அகன்றுதானே ஆகவேண்டும்! தொடங்கிய வலத்தைப் பாதியில் விட்டு எவளும் ஓடமாட்டாள். விட்டால் வேண்டுதல் போச்சு, யாருக்காக வேண்டினாளோ அந்தக் குழந்தைக்கே ஆகாது. கிழவி கோயிலுக்குப் பின்பக்கம் திரும்புகிற நேரத்தில் மிருதுளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூக்கடைச் சந்துக்குள் நுழைகிறாள். சந்தின் முனையில் ஆதிரன் வேனோடு நிற்கிறான்.

அப்புறம் விரல் நிற்கவே இல்லை. மிருதுளாவின் காலில் செருப்பில்லாததும், குழந்தை 'ஆயா எங்க?' என்று கேட்பதும் தானாக வந்து விழுந்தன. எழுதிக்கொண்டே சுமலதா அழுதாள். அவள் தோளில் தலை சாய்த்து ஜோதி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜோதி இறங்குகிற ஊர் வருவதற்குள் அத்தியாயம் முடிந்துவிட்டது. சத்தியம் செய்தது ஞாபகம் இல்லாமல் இல்லை. இந்த ஒன்று மட்டும் போகட்டும், அடுத்த வாரம் பிரித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவ்வளவு நன்றாக வந்ததை எப்படி அழிப்பது? பதிவேற்றிவிட்டு ஜோதியைத் தட்டி எழுப்பினாள்.

"எறங்கு. ஊரு வந்துடுச்சு."

ஜோதி கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே திலகவதி அந்த அத்தியாயத்தைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வேன்காரிகளும் வீட்டுக்குப் போய்ப் படித்தார்கள், கோயில் வந்ததும் இது யார் கதை என்று புரிந்துகொண்டார்கள். ஒருத்திக்காவது ஜோதிக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமலதா கோயிலுக்குப் போனாள். சாமி கும்பிட அல்ல. கூட்டத்தில் நின்றால் அடுத்த அத்தியாயத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான் போனாள். பொங்கல் புகையும் உடுக்கைச் சத்தமும் மொட்டைத் தலைகளுமாகத் தெருவில் கால் வைக்க இடமில்லை. நெரிசலுக்குப் பயந்து பூக்கடைச் சந்து வழியாக வந்தவள் சந்து முனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

கம்பெனி வேன் அங்கே நின்றது. தானியேல் இஸ்திரி போட்ட சட்டையில், எந்நேரமும் கிளம்புகிறவனாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

சுமலதாவுக்குப் புல்லரித்தது. ஜோதி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவளிடம் சொன்னதில்லை. இவர்கள் இரண்டு பேரும் பங்குனியிலிருந்து ரகசியமாகப் போட்டு வைத்த திட்டம் இது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எந்த நாள், எந்த நேரம், எந்தச் சந்து என்று அவர்கள் மாதக்கணக்கில் யோசித்து முடிவு செய்ததை இவள் ஒரு வேன் பயணத்தில் யோசிக்காமலே எழுதிவிட்டாள். அவள் அப்போது பயப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டாள். 'அவ மனசு எனக்கு அப்படியே தெரிஞ்சிருக்குது!' என்று பூரித்துப்போய், மிருதுளாவைப் பார்க்கக் கோயிலுக்கு ஓடினாள். ஆம், அந்தப் பெயர்தான் அவள் மனதில் ஓடியது.

வலம்வருகிற கூட்டத்தில் தேடினாள். வேப்பஞ்சேலை கட்டியிருந்தது குப்பம்மாள் அல்ல. ஜோதி.

முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டாளாம் கிழவி. "எனக்கு பதிலா நீ கட்டிக்கோ, உன் புள்ளைக்குத்தான வேண்டுதல்" என்றாளாம். மாட்டேன் என்று ஜோதி எப்படிச் சொல்வாள்? தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, உடம்பெல்லாம் வேப்பிலையோடு, ஜனக்கூட்டத்தில் இடிபட்டு நடந்துகொண்டிருந்தாள். கை கூப்பியிருந்தது. கண் மட்டும் சுற்றிச் சுற்றி மகளைத் தேடியது. குப்பம்மாள் நல்ல பட்டுப்புடவையில் ஓரமாக நின்று மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

சுமலதா வெளியே வரவும், பக்கவாசல் வழியாகத் திலகவதி தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகவேகமாக வரவும் சரியாக இருந்தது. இருவரையும் ஜோதியின் போனில் அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். குழந்தையின் கையில் பஞ்சுமிட்டாய் இருந்தது. அதைத் தின்கிற சுவாரசியத்தில் எங்கே போகிறோம் என்றுகூட அது கேட்கவில்லை. ஒரு வெள்ளைக் கார் தயாராக நின்றது.

கையை நீட்டினால் குழந்தையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். வாயைத் திறந்து ஒரு கத்து கத்தியிருக்கலாம். சந்து முனைக்கு ஓடித் தானியேலிடம் சொல்லியிருக்கலாம். உள்ளே போய், வேண்டுதலாவது ஒன்றாவது, நில்லடி என்று ஜோதியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இவளை நான் என்ன சொல்ல! சுமலதா நின்றாள். அடுத்து என்ன ஆகிறது பார்ப்போம் என்று நிற்கிறவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்று பார்த்தாள். கார் கதவு மூடிக்கொண்டது. கூட்டத்தில் ஹாரன் அடித்து அடித்து மெதுவாக நகர்ந்து, மெயின் ரோட்டுக்கு வந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் திரும்பியது. கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தாள்.

உள்ளே ஜோதி வலத்தைப் பாதியில் விடவில்லை. மகளுக்கு ஆகாமல் போய்விடுமே என்ற பயம். முழுசாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் மாமியாரிடம் வந்து "கொழந்த எங்க அத்தை?" என்று கேட்டாள். அவள் அலறுகிற சத்தம் கேட்டபோது சுமலதா வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் உலை வைக்க வேண்டிய நேரம் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் எதிர்பார்க்கக் கூடியதுதான். குழந்தை சொந்தக்காரர் வீட்டில் படிக்கிறது என்று குப்பம்மாள் சொன்னாள். எந்தச் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. மருமகளின் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். போலீசுக்குப் போனால், "பாட்டிதானம்மா வச்சிக்கினு கீறாங்க, கடத்திக்கினா போனாங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திலகவதியின் பொன்னேரி வீட்டு வாசலில் ஜோதி பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை அங்கே இல்லை. வேன் கான்ட்ராக்டர், கம்பெனி வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்துப்போனான் என்று தானியேலை வேலையைவிட்டு நிறுத்தினார். கதையில் மட்டும் மிருதுளா பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாசகர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து ஜோதி மறுபடி வேனில் ஏறினாள். புது டிரைவர். சுமலதாவின் பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஜோதி அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுமலதா எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக முன்கூட்டியே யோசித்து வைத்த பேச்சு. ஜோதி கோபப்படவில்லை.

"திலகவதி என் மொகத்துக்கு நேரா அந்த அத்தியாயத்த படிச்சு காட்டினாக்கா. நான் உங்ககிட்ட எங்க பிளான சொல்லவே இல்லியே. எனக்கும் அந்த ஆளுக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எப்பிடி எழுதினீங்க?"

"தானா வந்துது ஜோதி. சாமி சத்தியமா. தானா வந்துது."

"எனக்கு தெரியும்" என்று ஜோதி தலையாட்டினாள். "உங்களுக்கு ஆளோட உள்ள கீறது தெரியுது. என் மனசுல இருந்தத சொன்னீங்க இல்ல, எங்க அத்தை மனசுல இருக்கறதும் தெரியும். அவங்களா நெனச்சு யோசிங்கக்கா. என் பொண்ண எங்க வச்சிருப்பாங்க?"

ஊத்துக்கோட்டை ரோடு என்று சொன்னால் போதும். அந்தப் பக்கம் எத்தனை சொந்தம் இருக்கிறது என்று ஜோதிக்குத் தெரியாதா? ஒருநாளில் தேடிப் பிடித்துவிடுவாள். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எப்போது என்பாள். எங்கே நின்று பார்த்தாய், நின்று என்ன செய்தாய் என்பாள். வேன் முழுக்கத் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

சுமலதா கண்ணை மூடிக்கொண்டாள். யோசிப்பதாக ஜோதி நினைத்தாள். அவள் முகத்தையே பார்த்தாள்.

"சூலூர்பேட்டை" என்றாள் சுமலதா.

"சூலூர்பேட்டையா? அங்க யாரும் இல்லியேக்கா எங்களுக்கு."

"அதனாலதான் அங்க. ஸ்டேஷனுக்கு பின்னாடி ஒரு மாடி ஊடு. பச்ச கேட்டு." ஆரம்பித்துவிட்டால் அவளுக்கு எப்போதுமே தங்குதடை கிடையாது. "ஊட்டுக்கு எதிர்ல மாவு மில்லு. கொழந்த அந்த சத்தத்துக்கு பயந்துகினு கீது."

ஜோதி உதட்டை அசைத்து அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் கம்பெனிக்குள் போக, அவள் மட்டும் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். தானியேலும் அங்கே வந்து சேர்ந்துகொண்டான் என்று சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது ஜோதியின் காலில் செருப்புக் கடித்த புண் இருந்தது. முகம் கறுத்துச் சிறுத்திருந்தது. அப்போதும் வந்து பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

"பச்ச கேட்டு நெறைய கீதுக்கா. ஒண்ணு உடாம தட்டிப் பாத்தேன். மாவு மில்லு ஒண்ணு கூட இல்ல. எனக்காக இன்னும் கொஞ்சம் யோசிங்க. உங்களுக்கு கண்டிப்பா வரும்."

சுமலதா அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மை தொண்டைவரை வந்தது. நானே சத்தியம் பண்ணுகிறேன், வந்தது. பின் ஸீட்டில் விசிலடிக்கிறவள் எழுந்து எட்டிப் பார்த்து, "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"நாயுடுபேட்டை" என்றாள் சுமலதா. "இடம் மாத்திட்டாங்க. நாயுடுபேட்டைல பாரு."

ஜோதிக்கு முகம் தெளிந்துவிட்டது. லீவு கிடைக்காவிட்டால் வேலை போனாலும் பரவாயில்லை என்றாள். இந்தத் தடவை தானியேல் வரமாட்டான், அவனுக்கு வேறு வண்டி கிடைத்திருக்கிறது, தனியாகத்தான் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில் போவது நல்லதா, ரயிலா என்று கேட்டாள்.

"ரயில்ல போ" என்றாள் சுமலதா. "பஸ்ஸு ரொம்ப நேரமாவும்."